டாலி பார்ட்டன்: பாட்டும் பேரேடும்

அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகி டாலி பார்ட்டன் மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு: அவர் கவிஞர் என்பதைவிட வியாபாரி என்பதே பொருந்தும் என்று. பொய்க்கூந்தல், பளபளப்பு உடுப்பு, 1986 முதல் தம் பெயர் தாங்கி நடக்கும் டாலிவுட் கேளிக்கைப் பூங்கா ஆகியவை சாட்சியாகக் காட்டப்படும். நாற்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். 'வியாபாரி' என்ற சொல் வசையாக வரும்போது உறைக்கத்தான் செய்கிறது. ஆகவே அவர் பாட்டுகளை வைத்தே இவ்வழக்கை விசாரிக்கலாம் என்று தோன்றியது.

1946இல் டென்னசி மலைப்பகுதியில் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகளில் நாலாவது. பிரசவம் பார்த்த டாக்டருக்குத் தகப்பனார் கொடுத்தது ஒரு மூட்டை மக்காச்சோள மாவு. 1964இல் பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே நாஷ்வில் கிளம்பிவிட்டார். 1967இல் போர்ட்டர் வாகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது.

1971இல் வெளிவந்தது 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்'. கந்தல் துண்டுகளை அம்மா ஒட்டுப்போட்டுத் தைத்த கோட்டைச் சிறுமி பெருமையாகப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இன்னொருவர் எழுதியிருந்தால் ஒரே அழுகையாக முடிந்திருக்கும். இங்கே அச்சிறுமிக்கு வருவது அழுகையைவிட ஆச்சரியம்: இதன் மதிப்பு இவர்களுக்கு ஏன் தெரியவில்லை? ஜவுளிக்காரனான எனக்குக் கட்பீஸின் விலை தெரியும். தைத்தவளின் அன்பை அந்த விலையில் சேர்க்கும் கணக்கு இப்பாட்டில்தான் கிடைத்தது. இதை அவர் எழுதியது பயணத்தின் நடுவே, வாகனரின் சலவை ரசீதுக்குப் பின்புறம்!

1973இன் 'ஜோலீன்' இதனினும் நுட்பமானது. தன் கணவனைக் கவரக்கூடிய அழகியிடம் மனைவியே கெஞ்சுகிறாள். சாபம் இல்லை, ஏச்சு இல்லை. அந்தப் பெண் என்ன பதில் சொன்னாள் என்பதும் இல்லை. பதிலைச் சொல்லாமல் விட்டதில்தான் பாட்டின் பலம் இருக்கிறது என்பேன்.

இனி வியாபாரத்துக்கு வருவோம். வாகனரை விட்டுப் பிரியும்போது எழுதிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' 1974இல் கன்ட்ரி வரிசையில் முதலிடம் பெற்றது. எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். அவருடைய மேலாளர் கர்னல் பார்க்கரோ பதிப்புரிமையில் பாதி வேண்டும் என்றார். டாலி மறுத்தார். அன்று இரவெல்லாம் அழுததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1992இல் விட்னி ஹூஸ்டன் அதைப் பாடினார். அமெரிக்காவில் 14 வாரம் முதலிடம். வருமானம் உரிமை வைத்திருந்தவருக்கு வந்தது. ஆனால் 1974இல் இது யாருக்குத் தெரியும்? லாபம் பார்ப்பவன் எல்விஸின் குரலுக்குப் பாதியை விட்டுக்கொடுத்திருப்பான். தன் சரக்கின் தரம் தெரிந்தவர்தான் மறுப்பார். அந்தத் தரத்தை அறிந்ததும் கவிஞர்தானே!

குறை இல்லையா? உண்டு. 1977இல் அவரைப் பொதுச் சந்தைக்குக் கொண்டுபோன 'ஹியர் யூ கம் அகெய்ன்' பிறர் எழுதியது. இனிமையாய் இருக்கிறது, ஆனால் ரசீதின் பின்புறம் எழுதிய கை அதில் இல்லை. 1980இன் 'நைன் டு ஃபைவ்' அவரே எழுதியது. சம்பளக்காரர் சலிப்பு அதில் நிஜமாக ஒலிக்கிறது.

1999இல், 53 வயதில், 'தி கிராஸ் இஸ் புளூ' என்ற இசைத்தொகுப்புடன் மலைநாட்டுப் புளூகிராஸ் இசைக்குத் திரும்பினார். அதே பெயருள்ள பாட்டு அவர் எழுதியது. கைவிடப்பட்ட பெண் ஒருத்தி, புல் நீலம், வானம் பச்சை என்று உலகத்தையே தலைகீழாகச் சொல்லிக்கொண்டு போகிறாள். தனக்குத் துக்கம் இல்லை என்பதையும் அந்தப் பட்டியலோடேயே சேர்த்துவிடுகிறாள்.