சாலிடர் மணக்கும் பக்கம்

1969-ல் டெல்லியில் தொடங்கிய ‘எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ இதழின் பழைய பிரதி ஒன்றைப் புரட்டுகிறேன். சர்க்யூட் படத்தில் பொருத்தி முடித்த ரெசிஸ்டர்கள் மேல் பென்சில் டிக். ஓரத்தில் சாலிடரிங் அயர்ன் சுட்ட பழுப்புத் தழும்பு. பின்னட்டையில் சென்னை ரிச்சி தெருவில் வாங்க வேண்டிய உதிரிகளின் பட்டியல்.

அச்சிதழின் பேரழகு பிசிபி என்ற மின்சுற்றுப் பலகையின் வரைபடம். அது உண்மையான அளவிலேயே அச்சாகியிருக்கும். ஐசியின் கால்களுக்கிடையே 2.54 மில்லிமீட்டர் என்றால் தாளிலும் அதே 2.54. செப்புத் தகட்டின் மேல் கார்பன் தாள், அதன்மேல் அந்தப் பக்கம். கோடுகளைப் படியெடுத்து, பெயின்ட் பூசி, ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் போட்டால் வேண்டாத செம்பு கரைந்துபோகும். தாளில் இருந்த கோடுகள் பலகையில் மின்னும். திரையிலோ விரல் பட்டதும் அளவு மாறிவிடுகிறது.

மின்னிதழின் அருமையும் பெரிது. ‘555’ என்று தட்டினால் அந்த டைமர் வந்த கட்டுரைகள் வரிசைகட்டும். படத்தில் பிழை இருந்தால் அன்றே திருத்தலாம். அச்சில் அடுத்த இதழ் வரை காத்திருக்க வேண்டும்.

ஆனாலும், தேடினால் தேடியதுதான் கிடைக்கும். புரட்டினால் தேடாததும் கண்ணில் படும். 1975 ஜனவரி ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ அட்டையில் ஆல்டேர் 8800 கணினியை ஹார்வர்டு சதுக்கப் பத்திரிகைக் கடையில் பார்த்த பால் ஆலன், இதழை வாங்கிக்கொண்டு பில் கேட்ஸிடம் விரைந்தார். மைக்ரோசாஃப்ட் அப்படித்தான் பிறந்தது.

தேடுவதற்குத் திரை இருக்கட்டும். செய்யும்போது மேசைமேல் ஒரு தாள் விரிந்திருக்கட்டும்.