ஏலச் சீட்டும் குலுக்கல் சீட்டும்

அச்சரப்பாக்கம் பக்கம் ஒரு வீட்டில் கடன் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. எங்கெங்கே இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் வளையல் இருக்கும். மகளிர் குழு வழியாக வங்கியில் ஒன்று, மைக்ரோ பைனான்ஸில் ஒன்றோ இரண்டோ, கடைத்தெருவில் ஒருவரிடம் தண்டல், மளிகைக் கடை நோட்டில் பாக்கி, பையனின் பைக்குக்கு மாத டியூ. கடல் தாண்டி இலங்கையின் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இந்தப் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை. வங்கியில் அடைவு வைத்த சங்கிலி, கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடன், லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள், கடைக் கொப்பிக் கணக்கு.

கடனிலிருந்து மீள வழி சொல்பவர்கள் மூன்று யோசனைகளைத் தவறாமல் சொல்வார்கள். வரவு செலவை எழுது. அதிக வட்டிக் கடனை முதலில் முடி. ஓய்வு நேரத்தில் கூடுதலாகச் சம்பாதி. மூன்றும் சரியானவை. ஆனால் மாதம் முதல் தேதி சம்பளம் வருகிற ஒருவரை மனத்தில் வைத்துச் சொன்னவை. மதுராந்தகம் வட்டாரத்தில் நெல் அறுப்பு ஒரு காலம், தர்பூசணி ஒரு காலம், சவுக்கு வெட்டு ஒரு காலம், செய்யூர் உப்பளத்தில் மழை தொடங்கும் வரைதான் வேலை. யாழ்ப்பாணத்தில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அதே கதை. வருமானம் பருவத்துக்கு வருகிறது, தவணை வாரத்துக்கு வருகிறது. குடும்பக் கணக்கு இந்த இடைவெளியில்தான் உடைகிறது. சிக்கனம் இல்லாததால் உடைகிறது என்று சொல்பவர்கள் அந்த வீட்டு அடுப்படியைப் பார்த்ததில்லை.

இந்த இடைவெளியைத் தாண்ட இரு நாட்டுத் தமிழர்களும் நம்புவது சீட்டை. மாதாமாதம் சிறுகச் சிறுகக் கட்டி, ஒரு மாதம் மொத்தமாக எடுத்து, ஒரு கடனை ஒரே அடியில் முடிப்பது. சிறு தொகையாகக் கையில் இருக்கும் பணம் எப்படியும் கரையும், மொத்தமாக வந்தால்தான் கடன்காரன் வாசலுக்குப் போகும் என்பது இரண்டு கரையிலும் பெண்களுக்குத் தெரிந்த உண்மை. ஆனால் யார் முதலில் எடுப்பது என்பதை இரு பக்கமும் வெவ்வேறாகத் தீர்த்துக்கொண்டன.

தமிழ்நாட்டில் ஏலம். கணக்குக்காக ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை எடுத்துக்கொள்வோம்: இருபது பேர், ஆளுக்கு மாதம் 5,000. முதல் மாதம் அவசரத்தில் இருக்கிற ஒருவர் 25,000 தள்ளி எடுக்கிறார். கைக்கு 75,000. தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவருக்குக் கமிஷன் 5,000 போக, மிச்சம் 20,000 இருபது பேருக்கும் ஆயிரம் ஆயிரமாகப் பிரியும். அந்த மாதம் எல்லோரும் 4,000 கட்டினால் போதும். மாதம் ஏற ஏறத் தள்ளு குறையும், கட்டும் தொகை 5,000-ஐ நோக்கி நகரும். இருபது மாதத்தில் ஒருவர் கட்டுவது மொத்தம் 90,000 என்று வைத்தால், முதலில் எடுத்தவருக்கு விழும் வட்டி மாதத்துக்கு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு. கடைசி வரை காத்திருந்து 95,000 எடுப்பவருக்குக் கிடைப்பது ஆண்டுக்கு 7 சதவீதத்தை ஒட்டி.

தண்டலை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்தாயிரம் என்று பேசி, பிடித்தம் போக 8,500 தருவார்கள். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறுதானே போகிறது என்று தோன்றும். ஆனால் அசல் முதல் நாளிலிருந்தே திரும்பிக்கொண்டிருப்பதால், உண்மையான வட்டி மாதத்துக்கு நூற்றுக்குப் பத்தைத் தொடுகிறது. ஆகவே தண்டல் அடைக்கச் சீட்டைத் தள்ளி எடுப்பது லாபம். மகளிர் குழு வழியாக வரும் வங்கிக் கடனை அடைக்க எடுப்பது முட்டாள்தனம்: அதற்கு மூன்று லட்சம் வரை ஆண்டுக்கே 7 சதவீதம்தான். நகைக் கடனை அடைக்க எடுப்பது? கணக்குப்படி அதுவும் நஷ்டம். ஆனாலும் நம் வீடுகளில் முதலில் மீட்பது நகையைத்தான். கல்யாணம் வருகிறது, கழுத்து வெறுமையாக இருக்கிறது என்பது ஒரு காரணம். மீட்ட நகை அடுத்த அவசரத்துக்குக் குறைந்த வட்டியில் மறுபடி கைகொடுக்கும் என்பது இன்னொன்று. இரண்டாவது காரணத்தை நிதி ஆலோசகர்கள் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அது சரியாகவே படுகிறது.

இலங்கைத் தமிழரிடமும் ஏலம் உண்டு, கழிவுச் சீட்டு என்பார்கள். ஆனால் வீட்டுப் பெண்கள், அலுவலகத்தார், ஒரே ஒழுங்கையில் இருப்பவர்கள் சேர்ந்து பிடிப்பது பெரும்பாலும் கழிவு இல்லாத சீட்டு. பத்துப் பேர், மாதம் பத்தாயிரம், முறையைக் குலுக்கிப் போடுவார்கள். அல்லது முன்கூட்டியே பேசிக்கொள்வார்கள். ஒருத்திக்குத் தை மாதத்தில் பிள்ளைகளின் பள்ளிச் செலவு, இன்னொருத்திக்கு ஆவணியில் மகளின் சடங்கு என்றால் முறை அதற்கேற்ப மாறும். சீட்டைப் பிடிக்கும் தாச்சி முதல் முறையை எடுத்துக்கொள்வார். சிங்களவரும் இதே சீட்டை இதே பெயரில் பிடிக்கிறார்கள். டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் போன தமிழரோடு இது கூடவே போயிருக்கிறது.

முதலில் எடுப்பவருக்கு இது வட்டியில்லாக் கடன். அந்த வட்டியைச் சுமப்பது கடைசியில் எடுப்பவர். விலைவாசி அசையாமல் இருக்கும் காலத்தில் இது பெரிய தியாகமில்லை, இன்று எனக்கு, நாளை உனக்கு. 2022-இல் அது குலைந்தது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. ஆண்டுத் தொடக்கத்தில் சேர்ந்து பத்தாவது மாதம் ஒரு லட்சம் எடுத்தவளுக்கு, அதன் வாங்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஏலச் சீட்டாக இருந்திருந்தால் முன்னால் எடுத்தவர்கள் தள்ளிய தொகையில் கொஞ்சமாவது அவளுக்கு வந்திருக்கும். ஆக, அவசரத்துக்கு விலை போடுவது கொடுமை என்று ஏலச் சீட்டை ஒதுக்கிவிட முடியாது. விலை போடாவிட்டால் அந்த விலையை யாரோ ஒருவர் சத்தமில்லாமல் கொடுக்கிறார். இருந்தாலும் கடன் அடைப்பது மட்டுமே நோக்கம் என்றால், சாதாரண காலத்தில் இலங்கைப் பெண்களின் வழிதான் மேல். தேவைக்கேற்ப முறை மாறுகிறது. கடன்பட்டவள் கடனில்லாதவளுக்கு வட்டி கட்டுவதில்லை.

அதே 2022-இல் இன்னொன்றும் நடந்தது. தங்கத்தின் விலை ரூபாய்க் கணக்கில் எகிறியதால், விற்காமல் அடைவில் வைத்திருந்தவர்கள் அதே சங்கிலியின் மேல் கூடுதலாகப் பெற முடிந்தது. நகை வாங்குவது முடங்கிய முதலீடு என்று பாடம் எடுப்பவர்கள் அந்த ஆண்டு யாழ்ப்பாணத்து வங்கி வாசல்களில் நின்றிருக்க வேண்டும்.

இரண்டு முறையையும் கெடுத்தது வாரக் கடன். போருக்குப் பிறகு இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்நிதி நிறுவனங்கள் வீடு தேடி வந்தன. ஐந்தாறு பெண்கள் சேர்ந்தால் கடன், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஒரு நிறுவனத்துக்குக் கட்ட இன்னொன்றில் எடுப்பது வழக்கமானது. 2018-இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கு உட்பட்டு நிலுவையில் நின்ற பெண்களின் கடன்களை அரசு தள்ளுபடி செய்தது, நுண்கடன் வட்டிக்கு 35 சதவீதம் என உச்சவரம்பும் வைத்தது. போதவில்லை. 2021 மார்ச்சில், சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குரக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் உட்கார்ந்து வாரக்கணக்கில் நீடித்தார்கள். தமிழருக்கு மட்டுமான பிரச்சினை இது என்ற எண்ணம் அங்கே உடைந்தது.

இந்தியாவில் நுண்கடன் பெரும் நெருக்கடியாக வெடித்தது ஆந்திரத்தில், 2010-இல். தமிழ்நாடு 2003-லேயே கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் போட்டது; 2025-இல் கடன் நிறுவனங்களின் அடாவடி வசூலைத் தடுக்க இன்னொன்று போட்டது. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறது: சிறுகடன் பெறும் குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. குடும்ப பட்ஜெட்டையே சட்டமாக எழுதியது போன்ற விதி, நல்ல விதி. ஆனால் எந்த மாத வருமானம்? ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் தாளில் பாதி வரும். உப்பளம் மூடிக் கிடக்கும் மழை மாதத்தில் அந்தப் பாதி முழுமையையும் தாண்டிவிடும்.

கடனிலிருந்து மீட்கும் முயற்சியில், அச்சரப்பாக்கம் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஒரு பழைய பங்கு உண்டு. வட்டிக்கடையிலிருந்து விவசாயியை மீட்க ஜெர்மனியின் கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து பிரெடரிக் நிக்கல்சன் 1890-களில் சென்னை அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்ததும் முதலாவதாகப் பதிவான கடன் சங்கம் திரூரில், முதல் நகரச் சங்கம் காஞ்சிபுரத்தில். இரண்டும் அன்றைய செங்கல்பட்டு ஜில்லா. இலங்கையில் 1911-இல் சட்டம் வந்தது. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு வேர்விட்ட ஆழத்துக்கு மூளாய்க் கூட்டுறவு வைத்தியசாலையும், கூட்டுறவுத் தலைவர் ஒருவர் பெயரைத் தாங்கி நிற்கும் வீரசிங்கம் மண்டபமும் சாட்சி. அங்கே சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் செய்ததை இங்கே 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் செய்தன: உறுப்பினர் சந்தாவிலிருந்து உறுப்பினருக்கே கடன், வட்டி குழுவுக்கே திரும்பும். வெளியாள் வசூலுக்கு வராததால், அறுப்பு முடிந்ததும் கட்டுகிறேன் என்று சொல்ல இடமிருக்கிறது. சொல்லிக் கேட்கும் இடம் என்பதுதான் விஷயம்.

கூடுதல் வருமானத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். எவ்வளவு வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பது முக்கியம். பால் மாடு வைத்தால் சங்கத்தில் பட்டுவாடா சீராக வரும், அது தவணைக்குப் பொருந்தும். ஆடு தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும்தான் காசு, அது சீட்டுக்கோ அசலுக்கோ போக வேண்டும். மகள் கம்பெனி பஸ்ஸில் மகேந்திரா சிட்டிக்கோ ஒரகடத்துக்கோ போகிறாள் என்றால் அந்த வீட்டுக்கு முதல்முறையாக மாதச் சம்பளம் வருகிறது. அதை நம்பி முதலில் எடுப்பது பைக் கடன் என்பதையும் சொல்லியாக வேண்டும். நூறு நாள் வேலைக்கான அட்டை சுற்றுக் கிராமங்களில் கிடைத்தது, அச்சரப்பாக்கம் பேரூராட்சிக்குள் குடியிருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. வன்னியில் கோழியும் தையலும் ஆடைத் தொழிற்சாலையும். எதுவும் போதாதபோது வளைகுடா நாட்டு வீட்டு வேலை. அந்தப் பயணத்துக்கே கடன் வாங்கிப் போகிறவர்கள் உண்டு, அது கூடுதல் வருமானம் அல்ல, இன்னொரு கடன். 2023-இல் இரு பக்கமும் மாதப் பணம் கணக்கில் விழத் தொடங்கியது: அங்கே அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும, செப்டம்பரில் இங்கே ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை. தேதி தவறாமல் வரும் அந்தப் பணத்தைப் பல பெண்கள் நேராகச் சீட்டுக்குத் திருப்பியதில் வியப்பில்லை.

சீட்டை எடுத்தபின் ஒருவர் கட்டாமல் நின்றால் என்ன ஆகும்? இலங்கைச் சீட்டில் தாச்சி தன் கையிலிருந்து போட்டு நிரப்ப வேண்டும். முதல் முறையை அவருக்கு விட்டுக்கொடுப்பது இந்தப் பொறுப்புக்காகத்தான். இங்கே 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டைப் பதிய வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு நடத்துபவர் 7 சதவீதம் வரை கமிஷன் எடுக்கலாம். பதிவு பெற்ற கம்பெனியில் சீட்டை எடுக்கச் சம்பளச் சீட்டும் ஜாமீன்தாரரும் கேட்பார்கள். நாற்று நடப் போகிறவளிடம் இரண்டும் இல்லாததால் அவள் பதியாத தெருச் சீட்டுக்குப் போகிறாள். அங்கே நடத்துபவர் ஊரை விட்டுப் போனால் காவல் நிலையத்தில் காட்ட அவளிடம் இருப்பது அட்டையில் போட்ட கையெழுத்துகள் மட்டுமே. சேருமுன் அவள் விசாரிக்க வேண்டியவை: நடத்துபவருக்கு ஊரில் சொந்த வீடு உண்டா, எத்தனை சீட்டு ஒரே சமயத்தில் பிடிக்கிறார், போன சீட்டின் கடைசி ஆளுக்குப் பணம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது.