டோங்கல் பாதுகாப்பது யாரை?

சுங்கைப்பட்டாணி, கூலிம், அலோர்ஸ்டார் பக்கத்துச் சிறு அலுவலகங்களில் கணினியின் பின்புற யூஎஸ்பி துளையில் விரல்நுனி அளவில் ஒன்று ஆண்டுக்கணக்கில் செருகியே கிடக்கும். கணக்கு மென்பொருளோ சம்பள மென்பொருளோ வாங்கியபோது கூடவே வந்த டோங்கல் அது. அது இருந்தால் மென்பொருள் திறக்கும், கழற்றினால் நின்றுவிடும். விண்டோஸ் இரவோடு இரவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்ட மறுநாள், டோங்கல் செருகியிருந்தும் 'சாவி கிடைக்கவில்லை' என்ற செய்தி திரையில் வரும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே பலருக்கு நினைவுக்கு வருகிறது.

மென்பொருளைத் திருட்டிலிருந்து காக்க எழுந்த இந்த முறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது பழுதாகும் நாளில் ஏற்படும் இழப்பு முழுவதையும் காசு கொடுத்து வாங்கியவரே சுமக்க வேண்டியிருக்கிறது. இதன் நிறையையும் குறையையும் எடைபோட, பெரும் நிறுவனங்களைவிடக் கெடாவின் தோட்டங்களும் சிறு நகரங்களும்தான் பொருத்தமான இடம். பெரும் நிறுவனத்தில் கணினிப் பிரிவு என்று ஒன்று தனியாக இருக்கும். இங்கே தோட்டக் கிராணியோ கடை முதலாளியின் மகளோதான் அந்தப் பிரிவு.

டோங்கலுக்கு நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1980 வாக்கில் கமடோர் பெட் கணினிக்கு வந்த 'வேர்ட்கிராஃப்ட்' என்ற எழுத்து மென்பொருள்தான் இந்த உத்தியைக் கையாண்டவற்றில் முதன்மையானதாகச் சொல்லப்படுகிறது. 1985இல் இஸ்ரேலில் தொடங்கிய அலாடின் நிறுவனத்தின் 'ஹாஸ்ப்', 1989இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூயே நகரில் தொடங்கிய விபு நிறுவனத்தின் 'கோட்மீட்டர்' ஆகியவை பின்னர் உலகெங்கும் பரவின. வேலை செய்யும் விதம் எளிது. டோங்கலின் சில்லுக்குள் ஒரு ரகசிய எண் பதிந்திருக்கும். மென்பொருள் திறக்கும்போதும், ஓடிக்கொண்டிருக்கும்போது அவ்வப்போதும் அதனிடம் கேள்வி கேட்கும். காலைப் பிரட்டில் பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்காதவருக்கு அன்று வேலை இல்லை என்பதுபோல, பதில் வராவிட்டால் மென்பொருளும் நகராது.

இதன் நிறைகளை முதலில் பார்ப்போம். மலேசியாவில் மென்பொருள் திருட்டு சிறிய விஷயமன்று. 2017இல் நாட்டின் கணினிகளில் நிறுவப்பட்டிருந்த மென்பொருளில் 51 விழுக்காடு உரிமமற்றது என்று மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ மதிப்பிட்டது. இத்தகைய சந்தையில் உள்ளூர்ச் சட்டத்துக்கு ஏற்பக் கணக்கு மென்பொருள் எழுதி விற்பவருக்கு, ஒரு பிரதி விற்றால் பத்துக் கடையில் ஓடும் என்ற அச்சம் நியாயமானது. அந்த அச்சத்துக்கு டோங்கல் நேரடியான பதில். உரிமம் ஒரு பொருளாகிவிடுகிறது. அதை நகலெடுப்பது எளிதல்ல.

வாங்குபவருக்கும் ஆதாயம் உண்டு. டோங்கலுக்கு இணையம் தேவையில்லை. சிக், பாலிங் பக்கத்து மேட்டுநிலத் தோட்டங்களில் இணைப்பு விட்டுவிட்டு வரும் நாளிலும் சம்பளக் கணக்கு ஓடும். கணினி பழுதானால் டோங்கலைக் கழற்றி வேறு கணினியில் செருகி வேலையைத் தொடரலாம். கிராணி மாறினால் மேசைச் சாவியோடு அதையும் ஒப்படைத்தால் போதும், கடவுச்சொல்லைத் தேடி அலைய வேண்டாம். ஆண்டுதோறும் சந்தா கட்டாமல் ஒரே முறை வாங்கிப் பல ஆண்டு ஓட்டலாம் என்பது சிறு நிறுவனங்களுக்குப் பெரிய நிம்மதி.

இந்த நிறைகள் எல்லாம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கின்றன. கணினியில் ஓடும் விண்டோஸும் மென்பொருளும் மாறாமல் இருக்க வேண்டும். ஆனால் அவை மாறாமல் இருக்க இன்று யாரும் விடுவதில்லை. 2015 ஏப்ரல் 1இல் 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி வந்தது. 2018 ஜூன் 1இல் அது சுழியமாக்கப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பர் 1இல் விற்பனை சேவை வரி திரும்பியது. 2024 ஆகஸ்ட் 1 முதல் மின் விலைப்பட்டியல் படிப்படியாகக் கட்டாயமாகிறது. 2025 பிப்ரவரி 1இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணக்கு மென்பொருளையோ சம்பள மென்பொருளையோ புதுப்பிக்க வேண்டியிருந்தது. போதாததற்கு 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்ததால் பலர் விண்டோஸ் 11க்கு மாறினார்கள். புதுப்பிக்காதே என்ற அறிவுரை இங்கே செல்லாது. புதுப்பித்தே ஆக வேண்டும், புதுப்பித்தால் டோங்கல் நிற்கலாம்.

ஏன் நிற்கிறது? பழைய டோங்கல்களுக்கு விண்டோஸின் ஆழத்தில் இயங்கும் தனி டிரைவர் தேவை. 2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து இத்தகைய புது டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பம் வேண்டும் என்ற விதி இறுக்கப்பட்டது. விண்டோஸ் 11இல் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற காவல் அமைப்பு இயக்கத்தில் இருந்தால், தன் விதிக்குப் பொருந்தாத பழைய டிரைவரை ஏற்ற மறுக்கும். தீய நிரல்கள் அதே வழியில் நுழைவதால்தான் அந்தக் காவல். அதில் மைக்ரோசாஃப்டைக் குறை சொல்வதற்கில்லை. பத்து ஆண்டுக்கு முன் விற்ற டோங்கலின் டிரைவரைப் புதுப்பிக்காமல் விட்டவர்களிடம்தான் கேள்வி கேட்க வேண்டும்.

பழுதைக் கண்டறியும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஹாஸ்ப் வகை டோங்கலில் வரும் பிழைச்செய்தியின் கடைசியில் ஓர் எண் இருக்கும். எச்0007 என்றால் டோங்கலே கண்ணில் படவில்லை. துளையை மாற்றிப் பார்க்கலாம், டோங்கலில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கலாம், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி இருக்கிறதா என்று தேடலாம். எச்0033 என்றால் டோங்கலோடு பேச வேண்டிய பின்னணிச் சேவை ஓடவில்லை. புதுப்பித்தலோ வைரஸ் தடுப்பு மென்பொருளோ அதை நிறுத்தியிருக்கலாம். டோங்கல் தயாரிப்பாளரின் ரன்டைம் மென்பொருளைப் புதிதாக நிறுவினால் பெரும்பாலும் சரியாகும். எச்0031 என்றால் டோங்கலும் நலம், சேவையும் நலம், ஆனால் இந்த மென்பொருள் கேட்கும் உரிமம் அந்த டோங்கலில் இல்லை. மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவிய பிறகு இது வந்தால், விற்றவர் டோங்கலுக்குள் உரிமத்தைப் புதுப்பித்துத் தர வேண்டும். வாடிக்கையாளர் என்ன செய்தாலும் தீராது. உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டி 1947 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்தால் திறக்கும் பக்கத்தில் டோங்கலின் எண் தெரிகிறதா என்று பார்த்தாலே, பழுது எந்தப் பக்கம் என்பது பாதி விளங்கிவிடும்.

ஆக மூன்று காரணங்கள், மூன்று பொறுப்பாளிகள். ஆனால் கடைக்காரர் தொலைபேசியில் கேட்கும் பதில் ஒன்றுதான்: "வைரஸ் தடுப்பை நிறுத்துங்க, ஃபயர்வாலை அணைங்க, மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் பண்ணுங்க." இந்த நடைமுறையின் ஆகப்பெரிய குறை இதுவென்று நினைக்கிறேன். ஒரு மென்பொருளைத் திறப்பதற்காக, சம்பளப் பட்டியலும் அடையாள அட்டை எண்களும் வங்கிக் கணக்குகளும் உள்ள கணினியின் காவலைக் கழற்றச் சொல்கிறார்கள். வேலை முடிந்ததும் திரும்பப் போடுங்கள் என்று சொல்பவர் அரிது. தயாரிப்பாளரின் பெயரும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஹாஸ்ப், அலாடினிடமிருந்து சேஃப்நெட்டுக்கும் ஜெமால்டோவுக்கும் 2019இல் தாலேஸுக்கும் கைமாறியது. எந்தத் தளத்தில் உண்மையான டிரைவர் கிடைக்கும் என்று தெரியாமல், தேடலில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி நிறுவுகிறார்கள்.

காவலைக் கழற்றினால் ஆபத்து என்ற அச்சம் கற்பனையன்று. 2018 ஜனவரியில் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் ஹாஸ்ப் சார்ந்த உரிம மென்பொருளில் 14 பாதுகாப்புக் குறைகளை வெளியிட்டார்கள். டோங்கலைச் செருகியதும் அந்த 1947 போர்ட் ஃபயர்வாலின் விலக்குப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது, டோங்கலைக் கழற்றிய பிறகும் அது திறந்தே இருக்கிறது என்பதையும் அவர்கள் சுட்டினார்கள். 2020 செப்டம்பரில் கிளாரோட்டி நிறுவனம் கோட்மீட்டரில் ஆறு குறைகளைக் கண்டது. அவற்றில் ஒன்றின் தீவிரம் பத்துக்குப் பத்து. இரண்டுக்கும் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் புதுப்பித்தால் நின்றுவிடும் என்று பயந்து ரன்டைமைத் தொடாமலே வைத்திருப்பவருக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது.

இதோடு கெடாவின் நாள்காட்டியையும் சேர்த்துப் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் மாதாந்தரப் புதுப்பித்தல் அமெரிக்காவில் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. நமக்கு அது புதன் அதிகாலை. இறங்கி, கணினி மறுமுறை தொடங்கிப் பழுது தெரியவரும்போது வியாழன் ஆகிவிடலாம். கெடாவில் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். மென்பொருள் விற்றவர் கோலாலம்பூரில் இருந்தால் அங்கே சனியும் ஞாயிறும். கெடா விடுமுறைப்படி நடக்கும் அலுவலகம் ஒன்று வியாழன் மாலை பழுதைக் கண்டால், இரு பக்கமும் சேர்ந்து வேலைசெய்யும் அடுத்த நாள் திங்கள்தான். சட்டமோ காத்திருப்பதில்லை. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கூலியைக் கொடுத்தாக வேண்டும். சேமநிதிச் சந்தா 15ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். டோங்கல் நின்றதால் தாமதம் என்று சொன்னால் தொழிலாளிக்கு அது காரணமாகாது. அவர் வீட்டுச் செலவும் காத்திருக்காது.

டோங்கல் ஒரு பொருள் என்பதே பலம் என்றேன். பலவீனமும் அதுவே. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, பூட்டிய அலுவலகத்துக்குள் செருகியபடியே இருந்த டோங்கலால் வீட்டிலிருப்பவருக்குப் பயனில்லை. 2022 ஜூலை 4இல் பாலிங் வட்டாரத்தைத் தாக்கியதைப் போன்ற வெள்ளத்தில் கணினி போனால், வெளியே சேமித்து வைத்த தரவு திரும்பக் கிடைக்கும். டோங்கல் தொலைந்தால் உரிமமே தொலைந்ததாகக் கருதி முழுவிலை கேட்கும் ஒப்பந்தங்கள் இந்தத் துறையில் சாதாரணம். பணம் கட்டியதற்கான ரசீது கையில் இருந்தும் செல்லாது.

இந்த நிலையில் சிலர் டோங்கல் இல்லாமல் ஓடும் உடைத்த பதிப்பைத் தேடுகிறார்கள். அது தீர்வாகாது. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 36ஏ பிரிவு, இத்தகைய தொழில்நுட்பப் பூட்டுகளைத் தகர்ப்பதைத் தடுக்கிறது. அமெரிக்கா இதில் சற்று முன்னே யோசித்தது. பழுதாகி, மாற்றும் கிடைக்காத காலாவதியான டோங்கலைச் சுற்றிச்செல்ல 2003இல் அங்கே தனிவிலக்கு தரப்பட்டது. நேர்மையாக வாங்கியவர் பூட்டு பழுதானதால் தண்டனை அடையக்கூடாது என்ற அந்த எண்ணம் நம் சட்டத்திலும் இடம்பெற வேண்டும்.

டோங்கலை அடியோடு ஒழித்தால் சரியாகிவிடுமா? இணையவழி உரிமமும் குற்றமற்றதல்ல. இணைப்பு இல்லாத நாளில் அது தடுமாறும், சந்தா நின்றால் கதவு மூடும், நிறுவனம் சேவையகத்தை நிறுத்தினால் எல்லாம் முடிந்தது. இசைத்துறையில் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 2022இல் கியூபேஸ் 12 முதல் டோங்கலைக் கைவிட்டது. டோங்கலோடு இயங்கிய அதன் பழைய இ-லைசென்சர் சேவை 2025 மே 20இல் முடிந்தது. அந்த மாற்றத்துக்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் கொடுத்து முன்கூட்டியே அறிவித்ததைப் பாராட்ட வேண்டும். இங்கே சிறு விற்பனையாளர் கடையை மூடினால் அப்படி ஓர் அறிவிப்பைக்கூட எதிர்பார்க்க முடியாது.

எனவே டோங்கல் நல்லதா கெட்டதா என்பதைவிட, அது நிற்கும் நாளுக்கு யார் பொறுப்பு என்பதே எழுத்தில் தீர்க்கப்பட வேண்டியது. வாங்கும்போதே நான்கைக் கேட்டு ஒப்பந்தத்தில் சேருங்கள். தனி டிரைவர் தேவைப்படாத புதுவகை டோங்கல் வேண்டும், அது இப்போது கிடைக்கிறது. டோங்கல் பழுதானால் சில நாள் ஓட்டத் தற்காலிக உரிமம் வேண்டும். பழுதானதற்கு மாற்று என்ன விலை, எத்தனை நாளில் என்பது தெரிய வேண்டும். விற்பவர் தொழிலை விட்டால் பூட்டில்லாத பதிப்பைத் தருவதாக உறுதி வேண்டும்.

வாங்கிவிட்டவர்கள் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. டோங்கலின் எண்ணையும் மென்பொருள் பதிப்பையும் குறித்து வையுங்கள். சம்பள வாரத்தில் விண்டோஸ் புதுப்பித்தலைச் சில நாள் தள்ளிவையுங்கள், ஆனால் நிரந்தரமாக நிறுத்தாதீர்கள். மாதம் ஒருமுறை சம்பளப் பட்டியலை எக்ஸெலிலோ பிடிஎஃபிலோ எடுத்து வேறிடத்தில் வையுங்கள். டோங்கல் நின்றாலும் தொழிலாளியின் கணக்கு உங்கள் கையில் இருக்கும். காவலைக் கழற்றச் சொல்பவரிடம் பிழை எண்ணைச் சொல்லி, இது யார் பக்கத்துப் பழுது என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாதவரிடம் அடுத்த மென்பொருளை வாங்காதீர்கள்.