கிளெய்ம் பண்ணுகிறவர்களும் ஸ்டேட் பண்ணுகிறவர்களும்

சில ஆண்டுகளுக்கு முன் உண்மை அறியும் குழு ஒன்றின் ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் நின்று எழுதப்பட்ட நேர்மையான அறிக்கை. பதினைந்தாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது. வீட்டுக்குள் புகுந்து அடித்தார்கள் என்று ஒரு பெண் சொன்னது ‘கிளெய்ம்ஸ்’ என்ற வினையோடு வந்திருந்தது. அந்த வீட்டுக்குள் யாருமே போகவில்லை என்று அதிகாரி சொன்னதற்கு ‘ஸ்டேட்டட்’. முதல் பக்கத்துக்குத் திரும்பிப்போய்ப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஊர்க்காரர்கள் எல்லாரும் கிளெய்ம் பண்ணுகிறார்கள், இல்லாவிட்டால் அலெஜ் பண்ணுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பேசியவர்கள் ஸ்டேட் பண்ணுகிறார்கள், கன்ஃபர்ம் பண்ணுகிறார்கள். அந்தப் பெண் சொன்னது உண்மை என்பதுதான் அறிக்கையின் முடிவு. அதன் வினைச்சொற்கள் வேறு முடிவுக்கு வந்திருந்தன.

‘இது உண்மை’ என்று அறிவிக்க ஆங்கிலத்தில் ஒரு பட்டாளமே இருக்கிறது. சொன்ன விஷயத்தைவிட, அதைச் சொல்ல யாருக்கு எவ்வளவு பாத்தியதை உண்டு என்பதையே இவை அதிகம் பேசுகின்றன. ‘அட்மிட்’, ‘ரிவீல்’ என்று எழுதிய கணமே எழுதுகிறவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிடுகிறார். ‘கிளெய்ம்’ என்று எழுதும்போது கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். வேர்ச்சொல் பிடித்து அர்த்தம் சொல்வது நம்மூரில் ஒரு வியாதி என்பது தெரிந்தேதான் சொல்கிறேன்: கிளெய்மின் லத்தீன் வேருக்குக் கூவுதல் என்று பொருள், ஸ்டேட்டின் வேருக்கு நிற்றல், நிலை. அரசைக் குறிக்கும் ஸ்டேட்டும் அதே வேரிலிருந்து வந்ததுதான். ‘அசெர்ட்’ இன்னும் விசேஷம். ரோமானியச் சட்டத்தில் ஓர் ஆள்மீது கைவைத்து ‘இவன் சுதந்திரன்’ என்று மன்றத்தில் உரிமை கோருவதற்கான சொல் அது. ‘இவன் அடிமை’ என்று கோருவதற்கும் அதே வினைதான். அடிமை என்று பிடித்துவைக்கப்பட்டவன் தனக்காகத் தானே அதைச் சொல்லிவிட முடியாது. அவன்மேல் வைக்க இன்னொருவர் கை வேண்டும்.

ஜே.எல். ஆஸ்டின் இங்கே உதவுவார் என்று போனேன். 1955இல் ஹார்வர்டில் அவர் ஆற்றிய உரைகள், அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1962இல் ‘ஹவ் டு டூ திங்ஸ் வித் வேர்ட்ஸ்’ என்ற நூலாயின. சத்தியம் செய்வது, பெயர் சூட்டுவது மட்டுமல்ல, ஸ்டேட் பண்ணுவதும் ஒரு செயல்தான், அதற்கும் தகுதி வேண்டும் என்று அதில் வந்து சேர்கிறார். அடுத்த அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தறியாதவனால் ஸ்டேட் பண்ண முடியாது, ஊகிக்கத்தான் முடியும் என்பது அவர் தரும் உதாரணம். எவ்வளவு சுத்தமான உதாரணம்! ஆனால் என் மேஜையில் கிடந்த பிரதியில், அறைக்குள் இருந்து அடிபட்டவள் கிளெய்ம் பண்ணுகிறாள். அந்தத் தெருவுக்கே வராத அதிகாரி ஸ்டேட் பண்ணுகிறார். ஆஸ்டினின் அறைக்குக் கதவு இருக்கிறது. வாசலில் சாதியும் வர்க்கமும் நிற்பதில்லை.

இந்த வாசல் சட்டத்தில் எப்படி வேலை செய்தது என்பதற்கு ‘அஃபர்ம்’ என்ற வினையின் சரித்திரம் போதும். சத்தியம் செய்தால்தான் உண்மை என்றால் மற்ற நேரத்தில் சொல்வது பொய்யா என்று கேட்டு, குவேக்கர்கள் கோர்ட்டில் சத்தியம் செய்ய மறுத்தார்கள். பல ஆண்டுகள் சிறைப்பட்டும் சொத்து இழந்தும் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1696இல் ‘அஃபர்ம் பண்ணினால் போதும்’ என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது. 1880இல் பிராட்லா என்ற நாத்திகர் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு அதே சலுகையைக் கேட்டபோது உள்ளே விடவில்லை. நிலையாக உட்கார இடம் கிடைத்தது 1886இல்தான். இதற்கெல்லாம் நாற்பது வருஷத்துக்கு முன்பே, 1840இன் ஐந்தாம் சட்டத்தின் மூலம், இங்கே இந்துக்களும் முஸ்லிம்களும் சாட்சிக்கூண்டில் கங்கை நீரையோ குர்ஆனையோ தொட்டுச் சத்தியம் செய்வதற்குப் பதிலாக அஃபர்ம் பண்ண வைக்கப்பட்டார்கள். லண்டனில் போராடிப் பெற்ற வினை இங்கே கேட்காமலே கிடைத்தது. ஆனால் சுதேசிகள் பொய்ச்சாட்சி சொல்கிறவர்கள் என்று துரைமார்கள் எழுதிவைப்பது அதற்குப் பிறகும் நிற்கவில்லை. வினை மாறியது, கேட்கிற காது மாறவில்லை.

கிடக்கட்டும், என் தமிழாக்கத்துக்கு வருகிறேன். நம் பத்திரிகைத் தமிழும் லேசுப்பட்டது அல்ல. மந்திரி ‘தெரிவிக்கிறார்’, மறியல் செய்தவர்கள் ‘குற்றம்சாட்டுகிறார்கள்’, அடிபட்டவர்கள் கதை ‘கூறப்படுகிறது’. இதெல்லாம் வேண்டாமென்று இருவருக்கும் ‘சொன்னார்’ என்று போட்டேன். குழுவிலிருந்து ஒரு தோழர் வந்தார். ‘மூலத்துல இருக்கறத மாத்தறதுக்கு உங்களுக்கு யாருங்க அதிகாரம் குடுத்தது? கிளெய்ம்னு போட்டாத்தான் நாளைக்குக் கேசு வந்தா நிக்கும்.’ நியாயமான கேள்வி. அலெஜ், கிளெய்ம் எல்லாம் குற்றம்சாட்டப்பட்டவனுக்கும் காவல்தான்; தீர்ப்பு வருமுன் ஒருவனைத் திருடன் என்று எழுதிவிடக் கூடாதல்லவா? ஆனால் சந்தேகத்தின் பேரில் பிடிபட்ட சேரிப் பையனைப் பற்றிய செய்தியில் இந்தக் காவல் எங்கே போய்விடுகிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். ‘அது வேற விஷயம்’ என்றார். என்ன வேற விஷயம் என்று சொல்லாமலே டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

புத்தகம் வந்ததும் முதலில் பதினைந்தாம் பக்கத்தைத்தான் புரட்டினேன். அந்தப் பெண்ணுக்கு நான் போட்ட ‘சொன்னார்’ அப்படியே இருந்தது. அதிகாரியின் ‘சொன்னார்’ மட்டும் யார் கையாலோ ‘தெரிவித்தார்’ ஆகியிருந்தது.