அறைக்குக் கொண்டுபோனவர்கள்

தோமஸ் மானின் 'வெனிஸில் மரணம்' குறுநாவலை மூன்று தடவை வாசித்திருக்கிறேன். முதல் தடவை தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சுவிசில், மாலைநேர ஜேர்மன் வகுப்பு ஆசிரியை அதைக் கையில் தந்தபோது. இரண்டாம் தடவை, மகளுக்கு அது பள்ளிப் பாடமாக வந்தபோது. மூன்றாம் தடவை கடந்த இலையுதிர் காலத்தில், வெனிஸில், தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ஹொட்டேல் அறையில். என் அறுபதாவது பிறந்தநாளுக்கு மகள் பரிசாகத் தந்த இரண்டு இரவுகள் அவை. அந்த மூன்றாவது வாசிப்பில் நான் கண்டதைத்தான் எழுத முனைகிறேன்.

ஹொட்டேல் இருந்தது ரீவா தெலி ஸ்கியவோனி கரையில். ஸ்லாவியர்களின் கரை என்று பொருள். அத்ரியாத்திக் கடலின் மறுபுறமிருந்து சரக்கோடு வந்த வந்தேறிகளின் பெயரைத்தான் நகரின் மிக அழகான கரை இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறது. உயர்ந்த கூரை, முரானோக் கண்ணாடிச் சரவிளக்கு, பளிங்குக் குளியலறை. யன்னலைத் திறந்தால் எதிரே தீவில் சான் ஜோர்ஜோ தேவாலயமும் அதன் மணிக்கோபுரமும். படகுகள் போகும்போது தண்ணீரின் ஒளி கூரையில் ஆடும். அழகு என்பதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியதை ஏற்கெனவே பலர் சொல்லிவிட்டார்கள்.

ஹென்றி ஜேம்ஸ் 1881இல் இதே கரையில் ஓர் அறை எடுத்து 'ஒரு சீமாட்டியின் சித்திரம்' நாவலின் கடைசிப் பகுதியை எழுதினார். ஜோர்ஜ் சாண்டும் முசேயும் 1834இல் காதலித்து முறிந்த ஹொட்டேல் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. சோவியத் ஒன்றியத்திலிருந்து 1972இல் வெளியேற்றப்பட்ட ஜோசப் பிராட்ஸ்கி பல குளிர்காலங்களில் இந்த நகரத்துக்கு வந்தார். அவருடைய கல்லறையும் இங்கே சான் மிக்கேலே தீவில்தான். வெனிஸ் பற்றிய இலக்கியத்தின் பெரும்பகுதி யன்னலருகே நின்று தண்ணீரைப் பார்த்து எழுதப்பட்டது. யன்னலுக்கு முதுகைக் காட்டி, அறையைப் பார்த்து, இதைக் கூட்டித் துடைத்தவர் யார் என்று கேட்ட எழுத்து குறைவு.

மான் அந்த வரிசையில் கொஞ்சம் விலகி நிற்கிறார். அவர் ஹொட்டேலுக்குள்ளே பார்த்தவர். 1911இல் மனைவியோடும் அண்ணனோடும் லீடோ தீவின் கிராண்ட் ஹொட்டேல் தெ பான் விடுதியில் தங்கினார். அடுத்த ஆண்டு கதை வந்தது. கதையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: அஷன்பாக் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் ஓய்வுக்காக லீடோவுக்கு வருகிறார். அங்கே தங்கியிருக்கும் போலந்துக் குடும்பத்துச் சிறுவன் ஒருவனின் அழகில் மனம் அழிகிறார். நகரத்தில் கொலரா பரவுகிறது. சுற்றுலா வருமானம் போய்விடும் என்று அதிகாரிகள் அதை மறைக்கிறார்கள். 1911இல் வெனிஸில் கொலரா இருந்ததும் அது மறைக்கப்பட்டதும் வரலாறு.

ஹொட்டேல் எப்படிப் பொய் சொல்லும் என்பதை மான் அளவுக்கு நுட்பமாக எழுதியவர்கள் சிலரே. தெருவெல்லாம் கிருமிநாசினி மணக்கிறது. ஏன் என்று கேட்டால் வெப்பக் காற்றுக்கு முன்னெச்சரிக்கை என்கிறார்கள். சவரத் தொழிலாளி வாய்தவறி ஒரு சொல்லை விட்டுவிட்டு உடனே பேச்சை மாற்றுகிறான். தெருப் பாடகனும் மறைக்கிறான். கடைசியில் உண்மையைச் சொல்பவன் ஆங்கிலப் பயண முகவர் நிலையத்தில் இருக்கும் ஓர் இளைஞன். மான் இந்தக் குற்றத்தை இத்தாலியர்களின் தலையில் மட்டும் கட்டிவிடவில்லை. உண்மையை அறிந்த அஷன்பாக்கும் அந்தச் சிறுவனின் தாயிடம் சொல்லாமல் இருந்துவிடுகிறார். அவர்கள் போய்விட்டால் சிறுவனும் போய்விடுவான். ஹொட்டேலும் விருந்தாளியும் சேர்ந்து ஒரே பொய்யைக் காப்பாற்றுகிறார்கள். கதையின் அறம் இந்த இடத்தில் இருக்கிறது. நூறு வருடம் கடந்தும் அது கூர் மழுங்கவில்லை.

இதுவரை எனக்கு மானோடு முரண்பாடில்லை. மூன்றாவது வாசிப்பில் கண்ணில் குத்தியவை வேறு மூன்று சின்ன இடங்கள்.

முதலாவது, பெட்டி. அஷன்பாக் ஒருமுறை வெனிஸை விட்டுப் போக முடிவெடுத்து ரயில் நிலையம் வரை வந்துவிடுகிறார். அவருடைய பெட்டியைத் தவறுதலாகக் கோமோ நகருக்கு அனுப்பிவிட்டார்கள். அதைச் சாட்டாக வைத்து லீடோவுக்குத் திரும்புகிறார், சாகிறார். கதையின் போக்கையே மாற்றுவது பெயரில்லாத ஒரு சுமையாளின் பிழை. அந்த ஆளுக்கு என்ன நடந்தது? வேலை போயிற்றா? கதை கேட்கவில்லை. நானும் முதல் இரண்டு தடவை கேட்கவில்லை.

இரண்டாவது, முதல் பிணங்கள். வெனிஸில் கொலராக் கிருமி முதலில் கண்டுபிடிக்கப்படுவது ஒரு படகுக் கூலியின் உடலிலும் மரக்கறி விற்கும் ஒரு பெண்ணின் உடலிலும். இருவருக்கும் சேர்த்து ஒரு வாக்கியத்தில் பாதி. அஷன்பாக் சாவதற்கு முழுக் கதையும் வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, கடைசிப் பத்தி. கடற்கரைச் சாய்கதிரையில் அஷன்பாக் சரிந்துபோகிறார். அவரை அறைக்குக் கொண்டுபோகிறார்கள். கொண்டுபோனது யார்? ஜேர்மன் மொழியில் 'மன்' என்றொரு சின்னச் சொல் உண்டு. யாரோ ஒருவர், யாரென்பது முக்கியமில்லை என்று அதற்கு அர்த்தம். மானின் வாக்கியம் அந்தச் சொல்லில்தான் நிற்கிறது. தமிழில் சொல்லவேண்டிய தேவையே இல்லை. 'கொண்டுபோனார்கள்' என்ற வினைமுற்றின் வாலிலேயே அந்த ஆட்கள் ஒளிந்துகொள்வார்கள். நிச்சயமாக இரண்டு மூன்று பேர் தூக்கியிருப்பார்கள். படிகளில் மூச்சு வாங்கியிருக்கும். கொலரா என்று சந்தேகித்து ஒருவன் கைகளை மூன்று தடவை கழுவியிருப்பான்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு அறைக்கதவைத் திறந்தேன். நடைகூடத்தில் கிருமிநாசினி மணம். முதல் நாள் இரவுதான் அந்தப் பக்கங்களை வாசித்திருந்ததால் ஒரு கணம் திகைத்துப்போனேன். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நிலத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் நிறம். "குட் மோர்னிங் சேர்" என்று ஒதுங்கினார். எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். வங்கதேசம் என்றார். அங்கே எந்த இடம் என்றேன். அதை எந்த விருந்தாளியும் கேட்டிருக்கமாட்டார்கள் போல, நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரியத்பூர். பத்மா ஆற்றங்கரை" என்றார்.

கங்கை வங்கதேசத்துக்குள் நுழைந்ததும் அதன் பெயர் பத்மா. மானின் கதையில் கொலரா எங்கிருந்து புறப்படுகிறது தெரியுமா? கங்கைக் கழிமுகத்தின் சேற்றிலிருந்து. மூங்கில் காடும் அதில் பதுங்கியிருக்கும் புலியும் அங்கே உண்டு. கதையின் தொடக்கத்தில், மியூனிக்கில், பயண ஆசை எழும்போதே அஷன்பாக்கின் மனக்கண்ணில் அதே சதுப்பு நிலமும் அதே புலியும் வந்துபோகின்றன. சேறு உண்டு, மூங்கில் உண்டு, விலங்கு உண்டு, நோய் உண்டு. மனிதர் ஒருவர்கூட இல்லை. அந்தக் காலத்தில் கொலராவுக்கு ஐரோப்பாவைவிடப் பல மடங்கு உயிர்களைக் கொடுத்தவர்கள் வங்காளத்திலும் இந்தியாவிலும் இருந்தவர்கள்தான். கதைக்கு அவர்கள் நோய் கிளம்பிய இடம் மட்டும். நோயில் செத்தவர்கள் அல்லர்.

அந்தக் கழிமுகத்து மனிதர் என் முன்னால் துடைப்பத்தோடு நின்றார். "எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது ஆறு ஓடுகிறது" என்றார், சிரித்துக்கொண்டே. 2018இல் அந்த மாவட்டத்தின் நரியா பகுதியில் பத்மா வீடுகளையும் கடைகளையும் மருத்துவமனைக் கட்டடத்தின் ஒரு பகுதியையும் கொண்டுபோனது. ஆற்றுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு வந்தவர், தண்ணீர் ஏறி ஏறி வரும் இன்னொரு நகரத்தில் பளிங்குத் தரையைத் துடைக்கிறார். வேலை முடிந்ததும் பாலத்தைக் கடந்து மெஸ்த்ரேக்கு பஸ் ஏறுவார். அவரைப்போல ஆயிரக்கணக்கான வங்கதேசத்தவர் அங்கேயும் அதைச் சுற்றியும் இருக்கிறார்கள். 1951இல் ஒன்றேமுக்கால் லட்சம் பேர் வாழ்ந்த பழைய வெனிஸில் இன்று ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை. இத்தாலியர்களுக்கே அங்கே வீடு கட்டுப்படியாவதில்லை.

எங்கள் பேச்சு நாலு நிமிடம் நீடித்திருக்கும். பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. பத்து யூரோத் தாளை அவர் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். பெயரைக் கேட்கவில்லை.

வெட்கத்துக்குக் காரணம் இருக்கிறது. 1986இல் லூசேர்ன் ஏரிக்கரையில் இதுபோன்ற ஒரு ஹொட்டேலின் நிலக்கீழ்த் தளத்தில் கோப்பை கழுவினேன். மூன்று வருடம். மேலே விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்த ஏரியைச் சாப்பாட்டு மண்டபத்திலிருந்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை. ஒருநாள் ஒரு தட்டுக் கண்ணாடிக் கோப்பைகள் கைநழுவி உடைந்தன. அந்த மாதச் சம்பளத்தில் கழித்தார்கள்.

கழித்தார்கள். பாருங்கள், நானும் அதே வினைமுற்றைத்தான் எழுதுகிறேன். அந்த மேற்பார்வையாளருக்கு முகம் இருந்தது. நோயாளி மனைவி இருந்தார். தன் சம்பளம் பற்றிய பயமும் இருந்தது. இப்போதுதான் இதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

நமது புலம்பெயர் இலக்கியத்தின் பெருமைகளில் ஒன்று, ஹொட்டேலை நிலக்கீழ்த் தளத்திலிருந்து எழுதியது. ஜோர்ஜ் ஓர்வெல் பாரிஸ் ஹொட்டேல் சமையலறையில் வேலைசெய்து 1933இல் எழுதிய நூலுக்குப் பிறகு, கோப்பை கழுவுபவரின் முதுகுவலியை நம்மவர்கள் அளவுக்கு எழுதியவர்கள் அதிகமில்லை. ஆனால் அந்தக் கதைகளை இன்று திரும்ப வாசிக்கும்போது ஒரு குறை தெரிகிறது. அழுக்குத் தட்டுகள் மேலிருந்து தாமாகவே இறங்கி வருகின்றன. மேலே சாப்பிட்டவர்களுக்கு முகமில்லை. பக்கத்தில் நின்ற போர்த்துக்கேயனுக்கும் துருக்கியனுக்கும்கூடப் பெரும்பாலும் பெயரில்லை. மான் கீழே பார்க்கவில்லை. நாங்கள் மேலேயும் பார்க்கவில்லை, பக்கத்திலும் பார்க்கவில்லை.

இன்று நாங்கள் மேல்மாடிக்கு வந்துவிட்டோம். நம் சஞ்சிகைகளில் பயணக் கட்டுரைகள் பெருகியிருக்கின்றன. வெனிஸ், ப்ரூஜ், ஆம்ஸ்டர்டாம். எல்லாவற்றிலும் யன்னல், எல்லாவற்றிலும் தண்ணீர், அந்தி வெளிச்சம். கோப்பை கழுவியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் எழுதும் கட்டுரைகளில் அறையைத் துப்புரவாக்கியவர் இல்லை. பழைய கஷ்டத்தை ஒரு பதக்கம்போலக் குத்திக்கொண்டிருக்கிறோம். அந்தக் கஷ்டம் இப்போது வேறொருவரின் கையில் இருப்பதைக் காண்பதில்லை. இது தோமஸ் மானுக்கு மன்னிக்கக்கூடியது. அவர் ஹான்சா நகரத்து வணிகர் ஒருவரின் மகன். நமக்கு அந்தச் சாட்டு இல்லை.

கடைசி நாள் லீடோவுக்குப் போனேன். மான் தங்கிய, 1971இல் விஸ்கொந்தியின் படத்திலும் வந்த அந்த ஹொட்டேல் 2010இல் மூடப்பட்டது. வேலிக்கு அப்பால் பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்து அறையைக் காலிசெய்தபோது ஓர் இளைஞர் என் பெட்டியைப் படகுத்துறைக்கு எடுத்துப்போக வந்தார். பெட்டியில் கட்டிய அட்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். "கவலைப்படாதீர்கள் சேர், தவறாது" என்றார். தவறினால் எனக்கு ஒன்றும் ஆகாது தம்பி என்று சொல்ல நினைத்தேன். பெயரைக் கேட்டேன். சொன்னார். காலையில் நடைகூடத்தைத் துடைத்தவரின் பெயரையும் கேட்டேன். அவருக்கு அதுவும் தெரிந்திருந்தது.