பிழை வந்த வழி

பிறமொழி கற்போரின் சொற்பிழையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டால் கடமை முடிந்தது என எண்ணும் ஆசிரியர் பலர். அப்பிழை எங்கே பிறந்தது என்று கேட்பவர் சிலரே.

அரபியைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவன் ஆங்கிலத்தில் ‘ஓப்பன் தி லைட்’ என்று எழுதிவிடுகிறான். விளக்கைத் ‘திற’ என்பதே அவன் வீட்டுப் பேச்சு. உயரமான மனிதனை ‘லாங் மேன்’ என்கிறான். அரபியில் மனிதனுக்கும் கயிற்றுக்கும் ‘தவீல்’ என்னும் ஒரே சொல் பொருந்தும். தமிழில் உயரம் வேறு, நீளம் வேறு; ஆதலால் நம் பிள்ளைகள் அங்கே இடறுவது அரிது. ஆனால், விளக்கைப் ‘போடு’ என்று பழகிய நாவு ‘புட் தி லைட்’ என எழுதத் தூண்டும். ஆகவே, இத்தகைய பிழை வெறும் அறியாமையன்று. தாய்மொழியறிவு இடம் மாறி உழைப்பதன் அடையாளம். கற்போரின் பிழைகள் ஆராயத்தக்க சான்றுகளே என 1967-இல் மொழியியலறிஞர் பிட் கார்டர் வாதிட்டதும் இதுபற்றியே.

நாம் அரபி கற்கும்போது நேரும் இடறல் இன்னும் நுட்பமானது. கீழ்பென்னாத்தூர் தாலுகா அலுவலக வாசலில் சிறிது நேரம் நின்றால் காதில் விழும் சொற்களை எண்ணிப் பாருங்கள்: தாலுகா, தாசில்தார், வசூல், பாக்கி, தகராறு, வக்கீல். யாவும் அரபி வேருடையவை. ஆட்சிமொழியாயிருந்த பாரசீகத்தின் வழியே நம்மிடம் வந்தவை. வந்த வழியில் சில பொருள் மாறின. அரபியில் ‘வுஸூல்’ வந்து சேர்தல், ‘தக்ரார்’ திரும்பச் செய்தல், ‘வகீல்’ முகவர். வழக்கறிஞரை இன்றைய அரபியர் ‘முஹாமீ’ என்பர். வளைகுடாவில் பணிபுரியும் நம் இளைஞன் சண்டையைக் குறிக்கத் ‘தக்ரார்’ என எழுதினால், படிக்கும் அரபியர் ஏதோ மீண்டும் நடந்ததாகவே கொள்வார். பிழைப்பே எழுத்தை நம்பியுள்ள இடத்தில் இது சிறு பிழையாகுமா?

இதைக் காட்டி, தமிழில் இச்சொற்களை வழங்குவதே பிழை என்பாரும் உளர். அது பொருந்தாது. தமிழில் தகராறு என்றால் சச்சரவுதான். மக்கள் வழக்கே அதற்கு ஆணை. அப்பொருளை அரபியிலும் தேடுவதே பிழை.

குர்ஆனை ஓதத் தெரிந்த பிள்ளைக்கு அரபி தெரியும் என்று நாம் மகிழ்ந்திருக்கிறோம். தெரிந்த சொல்லே மிகுதியும் ஏமாற்றும் என்பதையும் அதற்குச் சொல்லித் தருவோமாக. ஏசப்பட்ட பிள்ளை பிழையை விடுவதில்லை, எழுதுவதையே விட்டுவிடுகிறது. அடிக்கோடு இடுமுன், பிழை வந்த வழியைக் காட்டுங்கள். திரும்பும் வழியை அதுவே கண்டுகொள்ளும்.