நூறு கெஜம்

"பிரவுன் பெஸ் இருந்துச்சு, வெள்ளைக்காரன் ஜெயிச்சான்" என்று எங்கள் தாண்டிக்குடிப் பக்கத் துப்பாக்கிப் பிரியர்கள் சொல்வதுண்டு. அவர்கள் ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட படைநினைவுகளைப் புரட்டலாம்.

சின்ன மருது தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்ததை வெல்ஷே எழுதுகிறார். தேர்ந்த கையில் அது நூறு கெஜத்துக்குள் குறி தப்பாதாம். பிரவுன் பெஸ்ஸுக்கும் நம்பிச் சுட அவ்வளவு தூரந்தான். குழலுக்குள் மரை கிடையாது, குண்டும் தளர்வு. அதைத் தாண்டினால் பட்டால் உண்டு. பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான், மழை பெய்தால் அதுவும் சந்தேகம். வரிசையாக நூறு பேர் சேர்ந்து சுட்டால்தான் அது ஆயுதம். 1801 மார்ச் 31-இல் பாஞ்சாலங்குறிச்சியில் அதே துப்பாக்கிகளோடு போய்த் தோற்றுத் திரும்பினார்கள். மே 24-இல் கோட்டை விழுந்தது, கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்த பிறகு.

வெல்ஷ் மீது எனக்குள்ள குறை வேறு. வளரி கற்றுக்கொடுத்தவரை மிருகம்போல விரட்டிப் பிடித்துத் தூக்கிலிட்டதை உருக்கமாகவே எழுதுகிறார். ஆனால் பழியைப் போரின் விதிமேல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். தூக்குக் கயிறு விதியா போட்டது? எங்கள் மலையடிவாரத்து விருப்பாட்சி கோபால நாயக்கருக்கும் அதே 1801-இல் அதே தண்டனை. அந்த டிசம்பரில் பாளையத்து மக்கள் ஆயுதம் வைத்திருக்கவே கம்பெனி தடை போட்டது.